புதையல் நாவல்களும் ஒரு கடைக்காரன் கணக்கும்

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டு வந்தபோது, சீவக சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ ஏதாவது தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். லேக் மார்க்கெட் பக்கத்தில் அப்பளமும் காப்பித்தூளும் விற்கிறவனை வருடத்துக்கு ஒரு முறை புலவர் வரிசையில் உட்கார வைப்பது அவர்களுடைய பெருந்தன்மை. இந்தத் தடவை புதையல் நாவல்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். வந்தவர்களில் ஒருவர் கல்லூரியில் இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னங்க நயினார், அதெல்லாம் ஒரே அச்சுல வார்த்த சரக்கு. ஒண்ணைப் படிச்சா நூறைப் படிச்ச மாதிரி. அதுல விமர்சனம் பண்ண என்ன இருக்கு?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஒன்றைப் படித்தால் நூறைப் படித்த மாதிரிதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் ஒன்றைப் படித்தவன் மற்ற தொண்ணூற்றொன்பதையும் ஏன் பழைய புத்தகக் கடையில் குனிந்து குனிந்து தேடுகிறான்? தெரிந்த கதையை மறுபடி காசு கொடுத்து வாங்குகிறவனை முட்டாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் வியாபாரத்தில் நான் கண்ட வரையில், ஐம்பது வருடம் தொடர்ந்து வருகிற வாடிக்கையாளன் முட்டாளாக இருப்பதில்லை. அவனுக்கு அந்தச் சரக்கில் ஏதோ கிடைக்கிறது. அது என்ன என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

செப்பும் குழியும்

வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் அப்பா மாலையில் அருங்கலச்செப்பு படிப்பார். தமிழ்ச் சமணர் வீடுகளில் பழகிய நூல் அது. சமந்தபத்திரர் வடமொழியில் செய்த இரத்தினகரண்டகத்தைத் தழுவியது. இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே: மணிகள் வைத்த பெட்டி. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. 'செப்பு' என்றால் பெட்டி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லாத நேரம் பரணில் ஏறி அந்தப் பெட்டியைத் தேடியிருக்கிறேன். நூலைத் திறந்தால் உள்ளே இருப்பது நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்ற மும்மணியும், இல்லறத்தான் எடுத்துக்கொள்ள வேண்டிய விரதங்களும்தான். விரதங்களில் ஒன்றுக்குப் 'பொருள் வரைதல்' என்று பெயர். துறவிக்குச் சொன்னதுபோல எல்லாவற்றையும் விடு என்று அது சொல்லவில்லை. உனக்கு இவ்வளவு போதும் என்று நீயே ஒரு கோடு போட்டுக்கொள் என்கிறது. புதையல் பெட்டி என்று நினைத்து ஏமாந்த அந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த நூலின் அருமை தெரிய நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகம் இருபது கை மாறும். அதோடு 'புதையல் தீவு' போன்ற சுருக்கப் பதிப்புகளும் வரும். எனக்குப் பைத்தியமே பிடித்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் பெரியப்பா வீட்டில் குழி தோண்டினார்கள்.

பெரியப்பா நல்ல உழைப்பாளி. நாவல் என்று ஒன்றையும் தொட்டவரில்லை. முன்னோர்கள் நவாபு காலத்துக் கலவரத்தில் கூடத்தில் எதையோ புதைத்துவிட்டுப் போனார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. எங்கிருந்தோ ஒரு மந்திரவாதி வந்தான். பூதம் காவல் இருக்கிறது, சாந்தி செய்தால் வழி விடும் என்றான். மூன்று வாரம் ராத்திரியில் தோண்டினார்கள். செலவுக்கு ஒரு காணி நிலம் போயிற்று. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. பாவம், பெரியப்பாவுக்கு அந்தச் சிரமம் வரவில்லை. ஆள் உயரம் தோண்டியும் ஓட்டாஞ்சில்லுதான் வந்தது. அப்போது மந்திரவாதி, பூதம் ரத்தம் கேட்கிறது, ஒரு சேவல் கொண்டுவாருங்கள் என்றான்.

பொழுது சாய்ந்தால் விளக்கில் பூச்சி விழுமே என்று சாப்பாட்டையே முடித்துவிடுகிற குடும்பம் எங்களுடையது. அந்தக் கூடத்துக்குள் ஒரு சேவல் வந்தது. பெரியப்பாவே வாங்கி வந்தார். இதை எழுதும்போதும் எனக்குக் கை தயங்குகிறது. பெரியம்மா எதுவும் பேசவில்லை. சேவலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். "தோண்டுறதுன்னா என்னையும் சேர்த்துத் தோண்டுங்க" என்று ஒரே பேச்சு. விடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. காலையில் மந்திரவாதி ஊரில் இல்லை.

மறுநாள் அப்பா என் புத்தகங்களை எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். "இந்தக் கதைகள்தான் மனுஷனைக் கெடுக்குது" என்றார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அச்சு

முதலில் அச்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். சாகிற நிலையில் ஒரு கிழவன். அவனிடம் ஒரு தாள். அந்தத் தாளுக்காகப் பின்னால் வரும் ஒரு போட்டிக்காரன். காடு, கடல், பாலை என்று ஒரு நெடுவழி. புதையலுக்கு ஒரு காவல். கடைசியில் கையளவு பொருளோடு வீடு திரும்புதல். இந்த ஆறையும் வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருடமாகக் கடை நடக்கிறது.

இந்த அச்சு உறுதிப்பட்டது ஆர்.எல். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவில்' எனலாம். 1881 கோடையில் ஸ்காட்லாந்தில் விடாத மழை. மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பையனோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஸ்டீவன்சன் ஒரு தீவின் படம் வரைந்தார். படம் முதலில் வந்தது, கதை பிறகு வந்தது. 1881-82இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து, 1883இல் புத்தகமானது. புத்தகத்துக்காக அனுப்பிய அந்த மூலப்படம் தபாலில் தொலைந்துபோனதாம். கதையைத் திரும்பப் படித்து, அதற்கு ஒத்துவரும்படி மறுபடி ஒரு படம் வரைய வேண்டியதாயிற்று. நாம் இன்று புத்தகத்தில் பார்ப்பது இரண்டாவது படத்தைத்தான்.

அடுத்தவர் ரைடர் ஹாகர்டு. 19 வயதில், 1875இல், தென்னாப்பிரிக்கா போய் அரசு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். 'புதையல் தீவில்' பாதியளவுக்காவது உன்னால் எழுத முடியுமா என்று சகோதரர் சீண்டப்போய்ச் சில வாரங்களில் எழுதியது 'சாலமன் மன்னரின் சுரங்கங்கள்' என்பார்கள். 1885இல் வெளிவந்தது. மொத்தமாக 100 பவுண்டு வாங்கிக்கொள்கிறீர்களா, அல்லது 50 பவுண்டு முன்பணமும் விற்பனையில் நூற்றுக்குப் பத்தும் வாங்கிக்கொள்கிறீர்களா என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். ஹாகர்டு மொத்தப் பணத்துக்கே தலையாட்டினார். பதிப்பாளர் அறையை விட்டு வெளியே போன நேரத்தில், மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, பங்கையே கேளுங்கள் என்று காதில் போட்டாராம். முதல் வருடத்திலேயே 31,000 பிரதி விற்றது. புதையல் கதையிலேயே இது எனக்குப் பிடித்த இடம். உண்மையான வரைபடத்தை அந்தக் குமாஸ்தா அல்லவா கையில் வைத்திருந்தார்!

விலை இறங்கும் அறை

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். வரைபடம்தான் இந்தக் கதைகளின் உயிர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். திரும்பத் திரும்பப் படித்ததில் இப்போது வேறுமாதிரி தோன்றுகிறது.

சாலமன் சுரங்கத்தில் குவாட்டர்மெயினும் நண்பர்கள் இருவரும் பொக்கிஷ அறைக்குள் போகிறார்கள். பெட்டி பெட்டியாக வைரம். அந்த நேரத்தில் ககூல் என்ற கிழவி கல்கதவை இறக்கிவிடுகிறாள். தப்பி ஓடப் பார்த்துத் தானும் அதன் அடியில் நசுங்குகிறாள். விளக்கு அணைகிறது. இருட்டு. கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் கணக்கில்லாத வைரம். அந்த அறையில் வைரத்தின் விலை என்ன? ஒரு மிடறு தண்ணீர் பெறாது.

மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' 1876இல் வந்தது. சிறுவன் குறும்பு செய்யும் கதை என்றுதான் அதைச் சொல்வோம். அதிலும் ஒரு குகை. ஊர்க்காரர்கள் பிள்ளைகளின் நன்மைக்காகக் குகை வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிடுகிறார்கள். உள்ளே ஒரு கொலைகாரன் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவன் தங்க நாணயங்களை மறைத்து வைத்த அதே குகையில், மெழுகுவர்த்தித் துண்டைத் தின்று, பட்டினியில் சாகிறான்.

இந்தக் கதைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இப்படி ஓர் இருட்டறை இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கம் தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. அதற்காக மனிதன் மலை ஏறுகிறான், தோழனைச் சந்தேகிக்கிறான், பொய் சொல்கிறான். அந்த அறைக்குள் வந்ததும் விலை ஒரே நிமிஷத்தில் சூன்யத்துக்கு இறங்குகிறது. அவனுக்கு இப்போது வேண்டியது ஒரு வெளிச்சக் கீற்று. பிறகு எப்படியோ வழி கிடைக்கிறது. வெளியே வருகிறவன் சட்டைப் பையில் திணித்தது மட்டும் அவனோடு வருகிறது. அவனுக்கு அது போதும்.

இந்தக் கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். குவாட்டர்மெயின் கூட்டம் பெட்டிகளை விட்டுவிட்டுப் பையளவு வைரத்தோடு திரும்புகிறது. அவர்கள் பயணம் புறப்பட்டதே காணாமல் போன ஒரு தம்பியைத் தேடித்தான். அந்தத் தம்பி சுரங்கத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. கால் நசுங்கி, பாலைவனத்து நீரூற்று ஒன்றின் பக்கத்தில் கிடந்தவனைத் திரும்பும் வழியில் கண்டெடுக்கிறார்கள். 'புதையல் தீவில்' படத்தில் குறித்த இடத்தைத் தோண்டினால் வெறும் குழி. தீவில் தனியாக விடப்பட்டிருந்த பென் கன் எப்போதோ அள்ளித் தன் குகையில் வைத்துவிட்டான். அதைப் பங்கு போட்ட பிறகும் வெள்ளிக் கட்டிகள் தீவிலேயே கிடக்கின்றன. எதைக் கொடுத்தாலும் மறுபடி அங்கே போகமாட்டேன் என்கிறான் சிறுவன் ஜிம்.

ஏறுவது, சூன்யமாவது, கையளவில் நிற்பது: விலையின் இந்த முழுச் சுற்றுதான் இந்தக் கதைகளின் உயிர் என்பது என் கருத்து. வாசகன் நூறாவது தடவையும் இதற்காகத்தான் வருகிறான். ஆசையை அடக்கு என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆசையை அதன் முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, அதன் முடிவைக் கண்ணால் பார்க்க வைத்து, பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விடுகிற கதைக்கு எப்போதும் ஆள் உண்டு. பத்திரமாகக் கொண்டுவந்து விடும் என்ற நம்பிக்கை வாசகனுக்கு வேண்டுமானால் அச்சு மாறக்கூடாது. எங்கள் கடையில் ஆழாக்கு இன்றைக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவு என்றால் யார் வருவார்கள்? பேராசிரியர் நண்பர் குறையாகச் சொன்ன 'ஒரே அச்சு' இந்த வகையில் ஓர் அளவுபடி. அது அப்படியே இருப்பதால்தான் அதை நம்பி நாம் நம் ஆசையை அளக்கக் கொடுக்கிறோம்.

வங்காளத்தில் கிடைத்தவை

1981இல் ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது என் கையிலும் ஒரு தாள் இருந்தது. அப்பாவின் சிநேகிதர் எழுதிக் கொடுத்தது. எந்த டிராம், எங்கே இறங்கணும், எந்த மளிகைக்கடையை ஒட்டின சந்து என்று கோடு போட்டுக் காட்டியிருந்தார். இந்த மலரைப் படிக்கிற அன்பர்கள் வீட்டில் முதலில் வந்தவர் யாரோ, அவரிடமும் அப்படி ஒரு தாள் இருந்திருக்கும்.

எங்களுக்கு இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதனால் ராத்திரி மற்றவர்களைவிட எனக்கு நீளம். அந்த நேரத்தில் வங்காளி படிக்கக் கற்றுக்கொண்டேன். 'சந்திரகாந்தா' படிப்பதற்காகவே ஜனங்கள் இந்தி கற்றார்கள் என்பார்கள். நான் வங்காளி கற்றது கோல்பார்க் நடைபாதைக் கடையில் வாங்கிய ஹேமேந்திர குமார் ராயின் 'ஜகேர் தன்' படிக்க. 1920களில் 'மௌசாக்' என்ற சிறுவர் இதழில் வந்த கதை. தாத்தாவின் பெட்டியில் குறிகள் பொறித்த ஒரு மண்டையோடு, அதைக் குறிவைக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரன், காசி மலைக்குப் பயணம், கூடவே ஒரு நாய்.

பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ஜக்' என்பது யக்ஷன். வங்காள கிராமங்களில் புதையலைக் காக்கும் ஆவிக்கு அந்தப் பெயர். நம் பக்கத்தில் பூதம் காப்பது போல இங்கே ஜக் காக்கிறது. எங்கள் ஜினாலயங்களில் அதே யக்ஷன் இயக்கனாக, இயக்கியாக நிற்கிறார். அவர் யாரைச் சுற்றி நிற்கிறார்? உடுத்த துணிகூட வைத்துக்கொள்ளாத அருகனைச் சுற்றி. ஒரே சொல், ஓரிடத்தில் பணத்துக்குக் காவல், இன்னோரிடத்தில் பணத்தை விட்டவனுக்குக் காவல். இதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சிறுவர் நாவல்தான் சொல்லிக் கொடுத்தது.

பிறகு விபூதிபூஷண் பந்தோபாத்தியாயின் 'சாந்தேர் பஹார்', நிலா மலை. 1937இல் புத்தகமானது. ஆப்பிரிக்காவைக் கண்ணால் பார்க்காமலே எழுதினார். 2013இல் சினிமாவாகவும் வந்தது. சங்கர் என்ற கிராமத்துப் பையன். சணல் ஆலையில் குமாஸ்தாவாக உட்கார வேண்டும் என்கிறார்கள். அவனோ ஆப்பிரிக்காவில் ரயில்வே வேலைக்குப் போகிறான். அங்கே அல்வாரெஸ் என்ற கிழட்டுப் போர்ச்சுகீசியனோடு வைரச் சுரங்கம் தேடி மலைக்காட்டுக்குள் நுழைகிறான். கிழவன் செத்த பிறகு சங்கர் தனியாக ஒரு குகைக்குள் வழி தவறுகிறான். கும்மிருட்டு. வந்த வழி மறக்காமல் இருக்கக் கீழே கிடந்த கூழாங்கற்களை எடுத்து அடையாளம் வைத்துக்கொண்டே போகிறான். வெளியே வந்தபோது சில கற்கள் பையில் மிஞ்சுகின்றன. அவை வைரம் என்பது வெகு நாளைக்குப் பிறகு, செத்துப்போன ஓர் இத்தாலியனின் கடிதத்தைப் படிக்கும்போதுதான் தெரிகிறது.

ஹாகர்டுக்கு ஒரு படி மேலே போய்விட்டார் விபூதிபூஷண் என்று நான் சொல்வேன். ஹாகர்டின் அறையில் வைரம் என்று தெரிந்த பிறகு அதன் விலை இறங்குகிறது. இங்கே வைரம் என்று தெரியாமலே அது வழி காட்டும் கல்லாகப் பயன்படுகிறது. அந்தக் குகையில் அதற்கு இருந்த உண்மையான மதிப்பு அதுதான்.

இதையெல்லாம் பெரியவர்களுக்காக ரவீந்திரநாதர் முன்பே இரண்டு சிறுகதைகளில் எழுதிவிட்டார். 'குப்ததன்' கதையில் மிருத்யுஞ்ஜயன் புதிர் எழுதிய தாளைத் துரத்தி, நிலத்தடியில் பொன் குவிந்த அறைக்கு வந்து சேர்கிறான். உள்ளே அடைபட்டுவிடுகிறான். எப்போது பகல், எப்போது இரவு என்று தெரியாமல் கிடந்தபின், இந்தப் பொன் வேண்டாம், ஆகாயத்தைக் காட்டினால் போதும் என்று கெஞ்சுகிறான். ஹாகர்டின் அதே அறை. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசையைக் கடைசி வரை நேர்மையாகப் பின்தொடர்ந்து போகும் எழுத்தாளன் அந்த அறைக்குத்தான் வந்து சேருவான் போலும்.

பாதிக் கதை

தாகூரின் இன்னொரு கதை 'சம்பத்தி சமர்ப்பண்'. யக்ஞநாத் என்ற கருமி தன் பணத்துக்குக் காவலாக, வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு சிறுவனை நிலவறையில் உயிரோடு மூடிவிடுகிறான். ஜக் ஆகிக் காப்பான் என்று நம்பிக்கை. பிறகுதான் தெரிகிறது, அந்தச் சிறுவன் அவனுடைய சொந்தப் பேரன். இந்தக் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மடியில் சேவலோடு குழியில் உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் கண்ணில் நின்றார். புதையலுக்காக நரபலி என்று இன்றும் நாளிதழில் செய்தி வராமலில்லை. சேவலில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பது அந்த அம்மாளுக்குப் படிக்காமலே தெரிந்திருக்கிறது.

இங்கே அப்பாவுக்கு என் பதிலைச் சொல்லிவிடலாம். பெரியப்பாவைக் கெடுத்தது கதை அல்ல, பாதிக் கதை. ஊர்ப்பேச்சில் இருந்தது என்ன? செத்துப்போன முன்னோர், மறைத்து வைத்த இடம், காவல் பூதம். அச்சின் முதல் பாதி அப்படியே இருக்கிறது. இருட்டறை அதில் இல்லை, கையளவோடு திரும்பி வருவது இல்லை. அதில் விலை ஏறிக்கொண்டே இருக்கும், இறங்காது. முழுக்கதை படித்துப் பழகியவனாக இருந்தால், இந்தக் கதையில் அடுத்து ஒரு கதவு மூடப்போகிறது என்று மூன்றாம் நாளே பெரியப்பாவுக்கு உறைத்திருக்கும்.

2013இல் இந்த மாநிலத்தில் ஒரு பெரிய சேமிப்பு நிறுவனம் கவிழ்ந்தது நினைவிருக்கும். எங்கள் கடைக்கு வரும் வீட்டு வேலைக்காரப் பெண்கள் சிலர் அதில் போட்ட பணத்தை இழந்தார்கள். ஏஜெண்டு வந்து அவர்களிடம் சொன்னதும் பாதிக் கதைதான். விலை ஏறும், ஏறும், இன்னும் ஏறும் என்ற கதை. பட்டவர்களுக்கு இருட்டறை இருந்தது. வெளியே வரும் வழியும் கையளவும் மட்டும் கிடைக்கவில்லை.

ஐந்தொகையில் விடுபட்டவர்கள்

புகழ்ந்தது போதும், குறையும் சொல்ல வேண்டும். வருடக் கடைசியில் ஐந்தொகை போடும்போது கொடுக்க வேண்டிய பாக்கியை மறைத்தால் கணக்கு அழகாகத்தான் இருக்கும். இந்த நாவல்கள் அதைச் செய்கின்றன.

ஹாகர்டின் கதையில் கீவா என்ற ஜூலு வேலைக்காரன் எஜமானைக் காப்பாற்றப் போய் யானையிடம் சாகிறான். வழிகாட்டி வென்ட்வோகல் மலைக்குகையில் குளிரில் விறைத்துச் சாகிறான். வைரம் பங்கு வைக்கும்போது இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? 'புதையல் தீவுக்கு'ப் போன கப்பலில், புறப்பட்டவர்களில் ஐந்து பேர்தான் திரும்பி வருகிறார்கள். அதை ஜிம் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறான். அந்தப் பொருள் யாருடைய மண்ணிலிருந்து வந்தது என்ற கேள்வியை இந்தக் கதைகள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்கக்கூடிய காவல்காரனையோ கிழவியையோ பூதமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. உண்மையில் நடந்ததைப் பார்த்தால், கிம்பர்லியில் வைரம் கிடைத்துச் சில வருடங்கள் கழித்து, நாவல் வந்த மறுவருடம், 1886இல், விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் வெட்டத் தொடங்கினார்கள். அங்கே வரைபடமும் இல்லை, பூதமும் இல்லை. கறுப்பின மக்களின் கூலி உழைப்புத்தான் இருந்தது. அவர்களுடைய இருட்டறைக்கு நாவல் எழுத அன்றைக்கு ஆள் இல்லை. விபூதிபூஷணின் சங்கரும் இந்தக் கேள்வியைப் பெரிதாகக் கேட்டுக்கொள்வதில்லை.

ஆகவே கையளவு என்கிற அந்த அடக்கம் தேடிப்போனவனின் ஆசையை மட்டும் அளக்கிறது. அவனால் மற்றவர்களுக்கு வந்த நஷ்டத்தை அளப்பதில்லை. பொருள் வரைதல் என்ற விரதம் எனக்கு எவ்வளவு போதும் என்று கேட்பதோடு நிற்பதல்ல. அதற்கு முன்னால் கொல்லாமையும் கள்ளாமையும் வரிசையில் நிற்கின்றன. புதையல் நாவல் அந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக் கடைசி விரதத்தை மட்டும் காப்பாற்றுகிறது. அதன் எல்லை அது.

பிற்காலச் சரக்கில் இன்னொரு குறை. கிளைவ் கஸ்லர் போன்றவர்கள் எழுதிக் குவித்த வரிசை நாவல்களை என் பேரன் படிப்பதால் நானும் சிலவற்றைப் பார்த்தேன். 1976இல் வந்த 'ரெய்ஸ் தி டைட்டானிக்' கதையில், அத்தனை பெரிய கப்பலையே கடலிலிருந்து தூக்கிப் பெட்டகத்தைத் திறந்தால் உள்ளே வெறும் சரளைக் கல். அடடா, பழைய அச்சு இங்கேயும் வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் இந்த வரிசையில் பல கதைகளில் இருட்டறை வெறும் சர்க்கஸ் ஆகிவிடுகிறது. கதாநாயகன் அதற்குள் போகிறான், தண்ணீர் ஏறுகிறது, ஒரு கருவியை எடுக்கிறான், வெளியே வந்துவிடுகிறான். அவன் ஒரு நிமிஷம்கூட, இதெல்லாம் எனக்கு எதற்கு என்று நினைப்பதில்லை. நினைக்காதவனுக்கு அறை எதற்கு? நல்ல புதையல் நாவலையும் மட்டமானதையும் பிரிக்க என்னிடம் இருக்கும் உரைகல் இது ஒன்றுதான்.

பேராசிரியர் நண்பருக்கு இதையெல்லாம் நேரில் சொன்னேன். முழுதும் ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். "உங்க இருட்டறையை நீங்களே கொண்டுபோய் எல்லாத்திலும் வைக்கிறீங்க" என்றார். இருக்கலாம். ஒரு குழியை அருகில் இருந்து பார்த்தவன் எல்லாக் கதையிலும் குழியையே பார்ப்பான். இருந்தாலும் 'சாந்தேர் பஹார்' ஒரு பிரதி அவர் பையில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

கடைசியாக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்க நூலகத்தில் பிள்ளைகள் படிக்க இந்த வகைப் புத்தகங்கள் குறைவு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிறுவர் நாவல்கள், சித்திரக் கதைகள் கிடந்தால் கொடுத்து உதவுங்கள். அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை, நான் பைண்டு செய்து தருகிறேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகத்தை மட்டும் கொடுக்க வேண்டாம்.